விழுந்தால் பெனால்டி, பிடிபட்டால் வெறும் மஞ்சள் அட்டை!

2018-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி மாஸ்கோவில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். பிரான்சும் குரோஷியாவும் மோதின. கோல் எதுவும் விழாத நிலையில், 18-வது நிமிடத்தில் பிரான்சு வீரர் கிரீஸ்மன் பெனால்டி எல்லைக்கு வெளியே விழுந்தார். பக்கத்தில் வந்த குரோஷிய வீரர் புரோசோவிச்சின் கால் படுவதற்கு முன்பே அவர் விழத் தொடங்கிவிட்டார் என்பது, படத்தைத் திருப்பிப் பார்த்த பலரின் அபிப்பிராயம். ஆனால் அர்ஜென்டினா நாட்டு நடுவர் பிடானா விசில் ஊதிவிட்டார். கிரீஸ்மன் உதைத்த பிரீ கிக், குரோஷியாவின் மாண்ட்சுகிச் தலையில் பட்டு, அவருடைய அணியின் வலைக்குள்ளேயே புகுந்தது. முடிவில் பிரான்சு 4–2 என்று வென்று கோப்பையைத் தட்டிச் சென்றது.

வீடியோ உதவி நடுவர் முறை புகுத்தப்பட்ட முதல் உலகக் கோப்பை அது. தனி அறையில், வரிசையாக வைத்த திரைகளுக்கு முன்னால் நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். ஆனால் வாய் திறக்க உரிமை இல்லை. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கில் மட்டுமே அவர்கள் தலையிடலாம் என்று விதி வகுத்திருந்தார்கள். பிரீ கிக் கொடுத்தது சரியா என்பது அந்த நான்கில் சேரவில்லை.

கருவி வந்துவிட்டால் நடித்து விழுவது ஒழிந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு இது ஏமாற்றமே. ஏன் ஒழியவில்லை என்பதைச் சற்று ஆராய வேண்டும்.

பழைய வியாதி

பெனால்டி உதை கால்பந்து விதிகளில் சேர்ந்தது 1891-ம் ஆண்டில். கோலுக்கு அருகில் வேண்டுமென்றே ஆளைத் தள்ளி, கோலைத் தடுப்பவர்களைத் தண்டிப்பதற்காக வந்த விதி அது. தடுக்கும் அணியின் அக்கிரமத்துக்கு மருந்தாக வந்தது, நாளடைவில் தாக்கும் அணிக்கு ஆசை காட்டும் பண்டமாகிவிட்டது.

1974-ம் ஆண்டு மியூனிக்கில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். மேற்கு ஜெர்மனி வீரர் ஒருவர் காலும் பந்தில் படுவதற்கு முன்பே, ஹாலந்தின் கிரைப் பெனால்டி எல்லையில் வீழ்த்தப்பட்டார். ஆங்கில நடுவர் ஜாக் டெய்லர் பெனால்டி கொடுத்தார். நீஸ்கென்ஸ் கோல் போட்டார். 25-வது நிமிடத்தில் ஜெர்மனியின் ஹோல்சன்பைன், யான்சனின் காலில் இடறி விழுந்தார். மறுபடியும் பெனால்டி, பிரைட்னர் கோல் போட்டார். மேற்கு ஜெர்மனி 2–1 என்று வென்றது. ஹோல்சன்பைன் விழுந்தது நிஜமா, நடிப்பா என்ற வழக்கு ஐம்பது ஆண்டு கடந்தும் தீரவில்லை.

1990-ம் ஆண்டு ரோமாபுரியிலும் இதே கதைதான். 85-வது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியின் வோல்லர் விழ, மெக்சிகோ நடுவர் கோடெசால் பெனால்டி கொடுத்தார். பிரெமே போட்ட அந்த ஒரே கோலில் அர்ஜென்டினா கோப்பையை இழந்தது. அது பெனால்டிதானா என்ற சர்ச்சை அன்று மைதானத்திலேயே தொடங்கிவிட்டது.

லாப நஷ்டக் கணக்கு

விழுவது லாபமா, நஷ்டமா? 2018 உலகக் கோப்பையில் ஆட்ட நேரத்தில் கொடுக்கப்பட்ட பெனால்டிகள் 29. அவற்றில் 22 கோலாயின. அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் சற்று அதிகம். கால்பந்தில் ஒரு கோல் என்பது பல சமயம் ஆட்டத்தின் முழு விலை.

சரி, நடித்து விழுந்தவர் பிடிபட்டால்? 1999-ம் ஆண்டு செய்த விதித் திருத்தத்தின்படி மஞ்சள் அட்டை. அதே ஆட்டத்தில் இன்னொன்று வாங்காதவரை அவர் தொடர்ந்து ஆடலாம். அந்த அட்டையும் எல்லோருக்கும் வருவதில்லை. 2018-ல் கோஸ்டாரிகாவுக்கு எதிரான ஆட்டத்தில் பிரேசிலின் நெய்மார் பின்பக்கமாகச் சாய்ந்து விழ, ஹாலந்து நடுவர் கைபர்ஸ் பெனால்டி என்றார். பிறகு திரையில் பார்த்துவிட்டு அதை ரத்து செய்தார். ஆனால் விழுந்ததற்காக நெய்மாருக்கு அட்டை காட்டவில்லை. முயற்சி பலித்தால் கோல். பலிக்காவிட்டால் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போகலாம்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவரிடம் டிக்கெட் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டால், கவுண்டரில் வரிசையில் நிற்க யார் வருவார்? அதனால்தான் விலைக்கு மேல் அபராதமும் போடுகிறார்கள். கால்பந்தில் அந்த அபராதம் இல்லை.

2002-ல் துருக்கிக்கு எதிரான ஆட்டத்தில் பிரேசிலின் ரிவால்டோ செய்ததும் நினைவிருக்கும். துருக்கி வீரர் உன்சால் உதைத்த பந்து அவர் காலில் பட்டது. அவரோ முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டி வெளியேற்றினார்கள். பின்னர் ரிவால்டோவுக்கு விதித்த அபராதம் 11,500 சுவிஸ் பிராங்க். ஓர் ஆட்டத்துக்குக்கூடத் தடை இல்லை. அவர் தொடர்ந்து ஆடினார். பிரேசில் கோப்பையை வென்றது.

ஆட்டக்காரர் தரப்பு

ஆட்டக்காரர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 'விழாவிட்டால் விசில் இல்லை' என்பது அவர்களுடைய வாதம்.

1982 அரை இறுதியில் மேற்கு ஜெர்மனி கோல் கீப்பர் ஷூமாக்கர், பிரான்சின் பட்டிஸ்டான் மீது பாய்ந்து மோதினார். பட்டிஸ்டான் நினைவிழந்தார், பற்கள் போயின. ஆனால் பௌல்கூடக் கொடுக்கப்படவில்லை. 1994 கால் இறுதியில் இத்தாலியின் டசோட்டி முழங்கையால் இடித்ததில், ஸ்பெயின் வீரர் லூயிஸ் என்ரிகேயின் மூக்கு உடைந்தது. நடந்தது பெனால்டி எல்லைக்குள். ரத்தம் வழிய அவர் முறையிட்டும் பெனால்டி இல்லை. ஸ்பெயின் 2–1 என்று தோற்றது. நிஜமான அடியே நடுவர் கண்ணில் படாதபோது, சின்ன இடியைப் பெரிதாக்கிக் காட்டினால்தான் நியாயம் கிடைக்கும் என்று ஆட்டக்காரர் முடிவு கட்டுகிறார். இடி வாங்கியும் நிலை தடுமாறாமல் பந்தைத் துரத்துபவருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை.

ஆகவே விழும் பழக்கத்தை வளர்த்ததில் ஆட்டக்காரரின் பேராசைக்கு ஒரு பங்கு என்றால், நடுவர்களின் வழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

திரை தீர்த்து வைக்காது

கால் பட்டதா என்பதைத் திரை காட்டும். அந்த அளவு பட்டதற்கு ஆள் விழுவாரா என்பதைத் திரை சொல்லாது. பட்டதெல்லாம் பௌல் என்று விதியில் இல்லை. கவனமின்றியோ, முரட்டுத்தனமாகவோ, அளவுக்கு மீறிய வேகத்திலோ மோதினால்தான் பௌல். மெதுவாக ஓட்டிக் காட்டும் படத்தில் வேகம் தெரியாது. லேசான உரசலும் பெரிய இடியாகத் தோன்றும்.

2021 ஜூலை 7-ந் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை அரை இறுதி. இங்கிலாந்தும் டென்மார்க்கும் 1–1 என்றிருந்தபோது, கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் விழுந்தார். ஹாலந்து நடுவர் மக்கெலி பெனால்டி கொடுத்தார். 'தெளிவான, வெளிப்படையான தவறு' என்றால்தான் முடிவை மாற்றலாம் என்பது விதி. லேசான உரசல் இருந்தபடியால் வீடியோ அறை தலையிடவில்லை. ஹாரி கேனின் உதையை கோல் கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்தும், திரும்பி வந்த பந்தை கேன் கோலாக்கினார். டென்மார்க் ஊர் திரும்பியது.

அந்தக் கருவிகூட எல்லோருக்கும் இல்லை. 2024 ஜூன் 11-ந் தேதி தோஹாவில், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் நமது அணி கத்தாரை 1–0 என்று முந்தி நின்றது. 73-வது நிமிடத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே இழுத்து கத்தார் கோல் போட்டது. நடுவர் அதை ஒப்புக்கொண்டார். அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் கிடையாது. இந்தியா 2–1 என்று தோற்று வெளியேறியது. இது விழுந்து நடித்த கதையல்ல என்றாலும், கருவியை மட்டும் நம்பியிருந்தால் அது இல்லாத இடத்தில் ஆடுபவர் கதி என்ன என்பதை இது காட்டுகிறது.

செய்யக்கூடியது என்ன?

ஆட்டம் முடிந்தபின் படத்தைப் பார்த்துத் தண்டிப்பதற்கு வீடியோ அறை தேவையில்லை; டெலிவிஷன் படமே போதும். இது புதுமையும் அல்ல. டசோட்டிக்கு 1994-லேயே இப்படித்தான் எட்டு ஆட்டத் தடை விதித்தார்கள். நடுவரை ஏமாற்றிப் பெனால்டி வாங்கினாலோ, எதிரணி வீரரை வெளியேற்ற வைத்தாலோ இரண்டு ஆட்டத் தடை என்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் 2017-ல் விதி கொண்டுவந்தது.

உலகப் போட்டியில் அந்த உறுதி இல்லை. 2014-ல் மெக்சிகோவுக்கு எதிரான ஆட்டத்தின் முற்பாதியில், தான் வேண்டுமென்றே விழுந்ததாக ஹாலந்தின் ராபென் தாமே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். கடைசி நிமிடங்களில் ஹாலந்துக்கு வெற்றி தந்த பெனால்டி நியாயமானது என்றார். வாக்குமூலமே கிடைத்தும், நடவடிக்கை எதுவும் இல்லை.

உலகப் போட்டி ஒரே மாதத்தில் முடிகிற விவகாரம். அதில் இரண்டு ஆட்டத் தடை என்றால், அரை இறுதியும் இறுதியும் கையை விட்டுப் போகலாம். அந்தப் பயம் வந்தால் எந்தப் பெரிய வீரரும் விழுவதற்கு முன் யோசிப்பார். அதோடு, இடி வாங்கியும் விழாமல் ஆடுபவருக்கு உரிய பௌலை நடுவர்கள் தயங்காமல் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன் உண்டு.

விதியை மாற்றும் அதிகாரம் சர்வதேசக் கால்பந்து சங்க வாரியத்திடம் இருக்கிறது. அங்கே மொத்தம் எட்டு ஓட்டு. பிபா எனப்படும் உலகச் சம்மேளனத்துக்கு நான்கு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சங்கங்களுக்கு ஆளுக்கு ஒன்று. ஆறு ஓட்டு விழுந்தால் எந்த விதியும் மாறும். ஆனால் தன் போட்டியில் ஆட்டம் முடிந்தபின் தடை விதிக்க பிபாவுக்கு அந்த ஆறு ஓட்டும் தேவையில்லை. தன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவைக் கூட்டினால் போதும். இத்தனை ஆண்டுகளாக அதைச் செய்யத் தயங்குவது ஏன் என்பதற்கு பிபாதான் பதில் சொல்ல வேண்டும்.