கேட்டபின் என்ன செய்வீர்கள்?

உண்மையை எடுத்துரைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவது, போதிக்கும் பணியில் இருப்போரின் பழைய பலவீனம். நாமும் அதற்கு விலக்கல்ல.

குருப்பட்டம் பெற்ற புதிதில் நாம் பணியாற்றிய சிற்றூரில் கோயில்பிள்ளை ஒருவர் இருந்தார். நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் புகைப்பவர். “விட முடியாவிட்டால் இலேசானதற்காவது மாறக்கூடாதா?” என்று ஒருநாள் அவரைக் கடிந்துகொண்டோம். அவரும் பணிந்து, ‘லைட்’ என்று அச்சிட்ட பாக்கெட்டுக்கு மாறினார். “சாமி, இப்போது பாதி விஷம்தான் உள்ளே போகிறது” என்று மகிழ்ச்சியோடு கூறினார். நாமும் மகிழ்ந்தோம். பத்தாண்டுகள் சென்று, நுரையீரல் புற்றுநோயால் அவர் இறந்த செய்தி எட்டியது. அதன் பின்னரே, நாம் தந்த ஆலோசனையின் தரத்தை அறிய நூல்களைத் தேடினோம்.

இலேசான சிகரெட்டின் இரகசியம் மிக எளியது. அதன் பில்டரைச் சுற்றிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்துளைகள் இடப்பட்டிருக்கும். புகையை இழுக்கும்போது அத்துளைகளின் வழியே காற்றும் கலந்து வரும். அமெரிக்காவில் 1967இல் ஏற்கப்பட்ட சோதனை முறையில், இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு விநாடி நேரம், 35 மில்லிலிட்டர் புகையை இழுத்தது. காற்று கலந்ததால் தாரின் அளவு குறைவாகப் பதிவாயிற்று. ஆனால் மனிதன் இயந்திரமல்லன். நிக்கோட்டினுக்குப் பழகிய உடல் தனக்கு வேண்டியதை எப்படியும் பெற்றுக்கொள்கிறது. அவன் ஆழமாக இழுக்கிறான், அடிக்கடி இழுக்கிறான், தன்னையறியாமலே உதட்டாலோ விரலாலோ துளைகளை மூடிவிடுகிறான். இத்தகைய மாற்றங்களால் பொதுமக்களின் நோய்ச்சுமை குறைந்ததற்குச் சான்றில்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001இல் வெளியிட்ட தொகுப்பு நூல் தெளிவாக்கியது.

ஆக, கோயில்பிள்ளை பெற்றது பாதி விஷமன்று. முழு விஷமும், அதனோடு ஒரு பொய்யான நிம்மதியும். அந்த நிம்மதியே அவரை முற்றும் விடாமல் தடுத்ததோ என்னும் ஐயம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

இத்தகைய தவறான எண்ணத்தைத் திருத்துவது எங்ஙனம்? ஐக்கிய அமெரிக்காவில் லின் கோஸ்லோவ்ஸ்கி என்னும் ஆய்வாளரும் அவருடைய துணைவரும் ஒரு சோதனை நடத்தினர். இலேசான சிகரெட் புகைப்போரைத் தொலைபேசியில் அழைத்து, நுண்துளைகளைப் பற்றிய சிறு வானொலி அறிவிப்பு ஒன்றைக் கேட்கச் செய்தனர். வேறு சிலருக்கு அதைக் கேட்பிக்கவில்லை. மாதங்கள் பல கழிந்தபின் இரு சாராரையும் மீண்டும் வினவினர். அறிவிப்பைக் கேட்டவர்களிடம் சரியான அறிவு நிலைத்திருந்தது. 1999, 2001 ஆகிய ஆண்டுகளில் இம்முடிவுகள் வெளிவந்தன.

இவ்வாய்வில் நம்மைக் கவர்ந்தது அதன் பணிவு. “நாம் சொன்னது உண்மை, அது போதும்” என்று அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. சொன்ன சொல் கேட்டவர் உள்ளத்தில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடிச் சென்றனர். இத்தேடல் மிகவும் தேவையானது. “இலேசானதும் கடுமையானதும் ஒன்றே” என்று கேட்டவர், “அப்படியானால் பழைய கடுமையான சிகரெட்டுக்கே திரும்பிவிடலாமே” என்று முடிவு செய்யலாமன்றோ! சொன்னதில் பொய்யில்லை, விளைவோ வேறு. எனவே, “விளங்கிற்றா?” என்பதோடு நில்லாமல், “இனி என்ன செய்வீர்கள்?” என்றும் கேட்டறிய வேண்டும்.

சட்டமும் இதே பாடத்தைத் தருகிறது. அமெரிக்காவில் 2009இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ‘லைட்’, ‘மைல்டு’, ‘லோ’ என்னும் சொற்கள் 2010 ஜூன் முதல் சிகரெட் பாக்கெட்டுகளிலிருந்து நீக்கப்பட்டன. சொற்கள் போன இடத்தில் பொன்னிறமும் வெள்ளி நிறமும் வந்தமர்ந்தன. வெளிறிய நிறத்தைக் கண்டே இது தீங்கு குறைந்தது என்று எண்ணுவோர் இருந்துகொண்டே இருந்தனர்.

நம் ஊர்களில் இதே மயக்கம் பீடியின் உருவில் உலவுகிறது. 2016–17இல் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பில், வயது வந்த இந்தியரில் 7.7 சதவீதத்தினர் பீடியும், 4 சதவீதத்தினர் சிகரெட்டும் புகைப்பதாகக் கண்டனர். “இலையில் சுற்றியதுதானே, காகிதம்கூட இல்லையே” என்பர் பீடி பிடிக்கும் பெரியவர்கள். பீடி அணையாதிருக்க அடிக்கடி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் புகையில் நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவையல்ல.

இதை அவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் அச்சுறுத்தி அவ்விடத்திலேயே விட்டுவிடாதீர்கள். “இத்தனை வயதுக்கு மேல் விட்டு என்ன பயன்?” என்னும் அடுத்த தவறான எண்ணம் அங்கே காத்திருக்கிறது. அதற்கும் மறுமொழி உண்டு. பிரிட்டனில் ஆண் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியாயிற்று. முப்பது வயதில் விட்டவர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டுகளும், அறுபதில் விட்டவர்கூட மூன்று ஆண்டுகளும் கூடுதலாக வாழ்நாள் பெற்றனர். விட விரும்புவோருக்கு உதவ, கட்டணமின்றி அழைக்கத்தக்க 1800-11-2356 என்னும் தேசியத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் வீட்டுத் திண்ணையில் புகைக்கும் பெரியவரிடம் இவற்றைச் சொன்னபின், சற்றுப் பொறுத்து, “நான் சொன்னதிலிருந்து என்ன விளங்கிக்கொண்டீர்கள்? இனி என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று அன்போடு கேளுங்கள். அவர் மறுமொழி சொல்லி முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருங்கள். அந்தக் கோயில்பிள்ளையிடம் நாம் கேட்கத் தவறிய கேள்விகள் இவை.