நிழல் ஊருக்கு ஊர் வேறு

காலையில் நிழல் மேற்கே நீண்டு விழும். நண்பகலில் காலடியில் ஒடுங்கி மறையும். மாலையில் கிழக்கே நீளும். நம்மில் பெரும்பாலோர் ஊரில் ஆரம்பப் பள்ளியில் படித்த பாடம் இது. ஊரில் இருந்தவரை அது நம்மைப் பெரிதாக ஏமாற்றவில்லை. தில்லியில் அது பொய்த்துப் போகிறது. இங்கே ஆண்டின் 365 நாட்களில் ஒரு நாள்கூட நண்பகல் நிழல் மறைவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

காரணம் எளிது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில்தான் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். கடக ரேகை போபாலுக்குச் சற்று வடக்கே செல்கிறது. தில்லி அதற்கும் ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. எனவே இங்கு நண்பகல் சூரியன் எப்போதும் உச்சிக்குச் சற்றேனும் தெற்கே நிற்கும். நிழல் எப்போதும் வடக்கே விழும். ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியை நட்டுப் பார்த்தால், ஜூன் 21 நண்பகலில் அதன் நிழல் சுமார் 9 சென்டிமீட்டர். டிசம்பர் 21இல் சுமார் 128 சென்டிமீட்டர், அதாவது குச்சியைவிட நீளம்!

ஊர்க் கதை வேறு. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் நிழல் உண்மையாகவே மறைகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் முதல் நாட்களிலும் மறைகிறது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். நம் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போவது சரியாக அந்த மாதங்களில்தான். தில்லியில் நண்பகலில் வடக்கே பார்த்த நிழல், ரயிலில் இரண்டு இரவு கழித்து இறங்கியதும் தெற்கே பார்க்கிறது. நடுப்பகலை ஒட்டிய மணிகளில் நிழல் சுற்றும் திசையும் மாறிவிடுகிறது. தில்லியில் கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்றுவது, சென்னையில் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. இந்த வியப்பை எத்தனை பெற்றோர் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம்?

எங்கள் குடியிருப்பில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, "தில்லியில் நண்பகலில் நிழல் வடக்கே விழும், மறையாது" என்று தேர்வில் எழுதினாள். மாடியில் அவளே குச்சி வைத்துப் பார்த்தது. ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டார். அதைவிட எனக்கு வருத்தம் தந்தது பெற்றோர் சொன்ன பதில்: "உனக்கு எதற்கு வம்பு? புத்தகத்தில் இருப்பதை எழுதிவிட்டு வா." நல்லெண்ணத்தில் சொன்னதுதான், மதிப்பெண் போய்விடுமே என்ற கவலை. ஆனால் தன் கண்ணால் கண்டதை நம்பாதே என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது, போன இரண்டு மதிப்பெண்ணைவிடப் பெரிய நஷ்டம். ஆசிரியையிடம் பணிவாகப் போய், "ஒரு நாள் நண்பகலில் நீங்களும் பாருங்களேன்" என்று சொல்வதற்கு நமக்கு ஏன் தயக்கம்?

பிள்ளைகள் இருக்கட்டும், பெரியவர்களாகிய நாமும் ஊர் நிழலைத்தான் மனதில் சுமந்துகொண்டு இங்கே வீடு வாங்குகிறோம். "தெற்குப் பார்த்ததா? வேண்டாம்" என்று தரகரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாசல் சாஸ்திரத்தில் நான் தலையிடவில்லை. சன்னலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தில்லி டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே 38 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. தெற்குச் சன்னல் இருந்தால் அந்த வெயில் கூடத்துக்குள் வெகுதூரம் வந்து விழும். ஜூனில் அதே சூரியன் 85 பாகை உயரத்தில் நிற்பதால், சன்னலுக்கு மேல் உள்ள சிறு சன்ஷேடே வெயிலைத் தடுத்துவிடும். ஊரில் வெயிலுக்கு ஒதுங்குவது வாழ்க்கை. இங்கே மூன்று மாதம் வெயிலைத் தேடுவது வாழ்க்கை. ஊரிலிருந்து நம்மோடு வந்து தங்கும் வயதான தாய் தந்தையருக்கு இது வெறும் வசதி அல்ல, உடல்நிலை சம்பந்தப்பட்ட விஷயம்.

இன்னொன்று. 15 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டடத்தின் நிழல், ஜூன் நண்பகலில் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். டிசம்பர் நண்பகலில் அதுவே 19 மீட்டர் நீளும். கோடையில் வீடு பார்க்கப் போனவர்கள் "நல்ல வெளிச்சம்" என்று முன்பணம் கொடுத்துவிட்டு, குளிர்காலம் முழுவதும் தெற்கே நிற்கும் அடுத்த கட்டடத்தின் நிழலில் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். தரைத்தள வீடென்றால் கேட்கவே வேண்டாம். முடிந்தால் டிசம்பரில் போய்ப் பாருங்கள். முடியாதென்றால் தெற்கே உள்ள கட்டடம் எவ்வளவு உயரம், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

நிழலைக் கணக்கிடுவது நமக்குப் புதிதல்ல. அரசனின் மனைக்குக் கயிறு பிடித்து இடம் குறிக்க, கோல் நட்டு நண்பகலைத் தேர்ந்த செய்தி நெடுநல்வாடையில் இருக்கிறது. தில்லியிலேயே, 1724இல் சவாய் ஜெய்சிங் எழுப்பிய ஜந்தர் மந்தர் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் விருந்தினரை அழைத்துப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அங்குள்ள சாம்ராட் யந்திரத்தின் சாய்ந்த சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. தில்லியின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவே அதன் சாய்வு. ஜெய்சிங் ஜெய்ப்பூரிலும் இதே யந்திரத்தைக் கட்டினார். ஆனால் அதன் சாய்வு ஜெய்ப்பூருக்கு உரியது. ஊருக்கு ஊர் நிழல் வேறு என்பதை அவர் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதி வைத்திருக்கிறார்.

நம் சங்கத்துக்கு என் யோசனை ஒன்று. செலவில்லாதது. வரும் ஜூன் 21 அன்று பிள்ளைகளை இரண்டு அணியாக்குவோம். ஊருக்குப் போனவர்கள் சென்னையிலும், போகாதவர்கள் இங்கேயும் ஒரு மீட்டர்க் குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தையும் நீளத்தையும் குறிக்கட்டும். நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல என்பது அப்போது புரியும். அன்று அது சென்னையில் ஏறக்குறைய 12.11, தில்லியில் 12.23. சென்னை நிழல் 18 சென்டிமீட்டர் தெற்கே, தில்லி நிழல் 9 சென்டிமீட்டர் வடக்கே. இரண்டையும் கோணமாக்கிக் கூட்டினால் பதினைந்தரை பாகை வரும். இரு ஊர்களுக்கும் தெற்கு வடக்காக உள்ள தூரம் சுமார் 1,720 கிலோமீட்டர். பதினைந்தரை பாகைக்கு இவ்வளவு என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர், பூமியின் சுற்றளவு! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் நிழலை வைத்துப் போட்ட கணக்கும் இந்த வகையே.

இரண்டு ஊரில் கால் வைத்திருப்பதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஒரே ஊரில் இருப்பவனுக்கு ஒரு நிழல்தான் தெரியும். நம் பிள்ளைகளுக்கு இரண்டு தெரியும். அதை அவர்கள் தாங்களே அளந்து பார்க்க நாம் இடம் கொடுத்தால் போதும்.