போர்வைக்கு அந்தப் பக்கம்



இலக்கியம், தத்துவம், சினிமா மூன்றும் கலந்த சிறப்பிதழ் இது. இதைத் தயாரித்த நாட்களில் எங்கள் பேச்சில் ஓயாமல் அடிபட்ட பெயர் ஸ்டான்லி கவெல். ஹார்வர்டில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 2018இல் தமது 91ஆம் வயதில் மறைந்தார். இசை படிக்க நியூயார்க் போய், அதைக் கைவிட்டுத் தத்துவத்துக்கு வந்த மனிதர். 1969இல் வந்த அவருடைய முதல் நூலிலேயே தத்துவவாதி விட்கென்ஸ்டைனுக்குப் பக்கத்தில் ‘கிங் லியர்’ நாடகமும் சாமுவேல் பெக்கெட்டும் உண்டு. தத்துவத் துறையினர் பலர் அவரை ஓரமாகவே வைத்திருந்தார்கள். இலக்கியம் கற்பிப்பவர்கள்தான் ஆசையாகப் படித்தார்கள்.

1981இல் அவர் ஹாலிவுட்டின் பழைய நகைச்சுவைப் படங்கள் ஏழினை எடுத்துக்கொண்டு ஒரு புத்தகமே எழுதினார். பிரிந்த ஜோடி, பேசிப் பேசியே மறுபடி சேரும் கதைகள். ஏழில் ஒன்று 1934இல் வந்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’. (இதைத் தழுவித்தான் நம் ஏவி.எம். 1956இல் ராஜ் கபூரையும் நர்கிஸையும் வைத்து இந்தியில் ‘சோரி சோரி’ எடுத்தது.) வீட்டைவிட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் வேலை போன நிருபரும் ஒரே அறையில் தங்க நேர்கிறது. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே அவன் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுகிறான். குரல் கேட்கிறது, ஆள் தெரிவதில்லை. கவெல் இங்கே கான்ட்டை அழைத்து வருகிறார். மனித அறிவுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு அப்பால் இருப்பதை நம்மால் அறிய முடியாது என்றவர் கான்ட். பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு மனதை அறிவதும் அப்படித்தானா என்பது கவெலின் கேள்வி.

ஒரு போர்வைக்கு இவ்வளவு பாரமா என்று சிரிப்பு வரலாம். அந்தச் சிரிப்பை எதிர்பார்த்தே அவர் எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ, படத்தை மறுபடி பார்த்தபோது அந்தக் காட்சி முன்னைவிடப் பிடித்துப்போனது. விமர்சனத்தால் ஆக வேண்டிய காரியம் அதுதான். நம் விமர்சனங்களோ கதைச் சுருக்கம், ஒளிப்பதிவுக்கு ஒரு வரி, இசைக்கு ஒரு வரி என்று கணக்குத் தீர்த்துவிடுகின்றன. கூட்டம் கொண்டாடிய படம் என்றால் யோசிக்கவே வேண்டாம் என்ற மிதப்பு வேறு.

இன்னொரு செய்தி. 1971இல் வந்த, சினிமா பற்றிய தம் முதல் நூலைக் கவெல் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதினார். வீடியோ கேசட் வீடுகளுக்கு வராத காலம். விவரங்களில் சில பிழைகள் நேர்ந்தன. பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் மனதில் தங்கியது எது, ஏன் தங்கியது என்பதைத்தானே அவர் எழுத நினைத்தார்.

நீங்களும் எழுதுங்கள். என்றோ கொட்டகையில் பார்த்து, இன்றுவரை விடாமல் கூடவே வரும் ஒரே ஒரு காட்சியைப் பற்றி இரண்டு பக்கம் போதும். கைபேசியில் போட்டுச் சரிபார்க்க வேண்டாம். பெயரோ ஆண்டோ தவறினால் நாங்கள் திருத்திக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்