சுரங்கச் சேறும் கழுவெளியும்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிக் கிடக்கும் கழுவெளியை 2021-ல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-ல் அது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் எல்லைக்கல் நட்டுவிட்டால் தண்ணீர் சுத்தமாக வந்துவிடுமா?

கழுவெளிக்கென்று பெரிய ஆறு கிடையாது. வானூர், திண்டிவனம் பக்கத்து ஏரிகள் நிரம்பி ஓடைகளில் வழிந்துவரும் மழைநீர்தான் அதற்கு உயிர். மறுபக்கம் எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. இரண்டும் கலக்கிற இடத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன.

அதே வானூர், திண்டிவனம் பக்கம்தான் கல்குவாரிகளும் இருக்கின்றன. கல்தூள் விஷமா என்று கேட்பார்கள். விஷமாக இருக்க வேண்டியதே இல்லை! மழையோடு அடித்து வரும் நுண்துகள் மீனின் செவுளை அடைக்கும், அடியில் படிந்து முட்டைகளை மூடும். கலங்கிய நீரில் வெயில் இறங்காது, நீர்ச்செடி வளராது. அதை நம்பிய பூச்சி, பூச்சியைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் நாரை எல்லாமே அடிபடும். கலங்கல் நீர் பாத்தியில் ஏறினால் உப்பும் வெள்ளையாக வராது.

இது வெறும் பயம் இல்லை. இதே கடற்கரையில் தெற்கே, புதுச்சேரியைத் தாண்டியதும் வரும் கடலூர் மாவட்டத்தைப் பார்த்தால் போதும். நெய்வேலியில் 1957-ல் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். இறைத்த நீர் பரவனாற்றில் விழுந்து பெருமாள் ஏரிக்குப் போகிறது. கோடையிலும் பாசனத்துக்கு உதவுகிறது, மறுக்க முடியாது. ஆனால் கூடவே வந்த சாம்பலும் சேறும் ஏரியைத் தூர்த்துவிட்டன என்பது விவசாயிகளின் நெடுநாள் குறை. 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்ட ஆய்வு, நெய்வேலி சுற்றுவட்டார நீரில் பாதரசம் அளவு மீறி இருப்பதாகச் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது.

பாதரசம் தண்ணீரோடு ஓடிப்போகிற சரக்கு அல்ல. சேற்றில் தங்கி, நுண்ணுயிர்களால் உருமாறி, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, கடைசியில் குழம்புக்கு வரும். 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய், தொழிற்சாலைக் கழிவு இப்படி ஏறியதால் வந்ததுதான்.

பரவனாற்றில் 'தண்ணீர் வருகிறதே' என்ற திருப்தியில் அடியில் தங்கிய சேற்றைப் பலர் பார்க்கவில்லை. கழுவெளியிலாவது அதைப் பார்க்கலாம். குவாரிக்கு உரிமம் கொடுக்கும் முன் அதன் மழைநீர் எந்த ஓடையில் விழுகிறது என்று கேட்க வேண்டும். அந்த ஓடைச் சேற்றை ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். கருத்துக் கேட்கும்போது குவாரியைச் சுற்றி இருப்பவர்களோடு, கழிமுகத்தில் வலை வீசுகிறவர்களையும் உப்பளத் தொழிலாளர்களையும் கூப்பிட வேண்டும்.