வழிகாட்டியும் சுயபுத்தியும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வரும் வாலிபர்கள், வீடியோ விளையாட்டில் வழி தெரியாத கட்டம் வந்தால், பிறர் ஆடிக் காட்டும் யூடியூப் படத்தைப் பார்த்துக் கடந்து செல்கின்றனர். இதை இழிவென்று சிலர் ஏசுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு மணி நேரமே ஓய்வுள்ளவன் அதை முழுவதும் ஒரே பூட்டிய கதவின் முன் கழிக்க வேண்டுமென்பது நியாயமன்று. ஆனால், முயலுமுன்பே விடையை நாடுவது வேறு விஷயம். சதுரங்க வீரர் குகேஷுக்கு அவரது பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2500 தரப்புள்ளிகளை நெருங்கும் வரை கணினி நிரல்களின் துணையின்றியே பயிற்சி அளித்தார். சுயபுத்தியால் கணக்கிடப் பழகிய அவரே, 2024 டிசம்பரில், தமது 18ஆம் வயதில், சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். ஆகவே, நமது வாலிபர்கள் முதலில் தம்மால் இயன்றமட்டும் முயன்று பார்த்து, அதன் பின்னரே வழிகாட்டியை நாடுவார்களாக.