மீதி ஓட்டு எங்கே போச்சு?



"பைத்தான்ல திரெட் போட்டா எல்லாமே வேகமாயிடும்" என்று நம் கணினி ஆய்வகத்தில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஆனால் அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

இலக்கிய மன்றச் செயலாளர் தேர்தலுக்கு ஓட்டு எண்ண ஒரு புரோகிராம் எழுதினேன். ஆறு வகுப்பு, ஆறு ஃபைல், ஆறு திரெட். ஒவ்வொரு திரெட்டும் ஒரு ஓட்டைப் படிக்கும், அந்த வேட்பாளரின் கணக்கை எடுக்கும், திரையில் காட்டும், ஒன்று கூட்டித் திரும்ப வைக்கும். பதிவானது 214 ஓட்டு. புரோகிராம் சொன்னதோ 187! "மீதி 27 ஓட்டு எங்கேப்பா போச்சு?" என்று ஐயா கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. கையால் எண்ணிப் பார்த்தால் ஜெயித்தவரே வேறு ஆள்! கொஞ்சம் அசந்திருந்தால் என் வேகம் ஒரு நண்பனின் வெற்றியைப் பறித்திருக்கும்.

நடந்தது இதுதான். ஒரு திரெட் 40 என்ற எண்ணை எடுத்தது. அது 41-ஐத் திரும்ப வைப்பதற்குள் இன்னொரு திரெட்டும் அதே 40-ஐ எடுத்துவிட்டது. இரண்டும் 41 என்றே வைத்தன. இரண்டு ஓட்டு ஒன்றாகிவிட்டது.

சரி, வேகமாவது கிடைத்ததா? அதுவும் இல்லை! வழக்கமான பைத்தானில் ஜி.ஐ.எல். என்றொரு பூட்டு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் பைத்தான் கட்டளைகளை ஓட்ட முடியும். ஒரே அம்மியில் நாலு பேர் மாறி மாறி அரைத்தால் சட்னி சீக்கிரம் ஆகுமா? கணக்குப் போடும் வேலை அப்படித்தான்.

காத்திருக்கும் வேலை வேறு. உலையில் அரிசி வேகும்போது அம்மா காய் நறுக்குவதில்லையா? இணையத்திலிருந்து பல படங்களை இறக்கும்போது பெரும்பாலும் காத்திருப்புதான். அங்கே திரெட் பலே கெட்டிக்காரன்! நீங்களே ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். ஒரு விநாடி தூங்கும் வேலையைப் பத்து முறை வரிசையாகச் செய்தால் 10 விநாடி. பத்து திரெட்டில் விட்டால் ஏறக்குறைய 1 விநாடி.

"ஜி.ஐ.எல். இல்லாத பைத்தானும் வந்தாச்சே" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். 2024-இல் வந்த 3.13 பதிப்பில் சோதனை முயற்சியாக அது தனியாகக் கிடைத்தது. ஆனால் அதிலும் பொதுக் கணக்கை நாம்தான் காக்க வேண்டும். எடுப்பது முதல் வைப்பது வரை 'லாக்' போட வேண்டும். அதைவிட நல்ல வழி நம் ஆசிரியர்கள் காட்டியது. கையால் எண்ணியபோது ஒவ்வொரு வகுப்பையும் தனியாக எண்ணி, தனிச் சீட்டில் எழுதி, கடைசியில் கூட்டினார்கள். ஒரு ஓட்டுகூடத் தவறவில்லை.

ஆகவே நண்பர்களே, திரெட் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வேலை காத்திருக்கிறதா, கணக்குப் போடுகிறதா? இரண்டு பேர் ஒரே பொருளைத் தொடுகிறார்களா? 214 ஓட்டை ஒரே வரிசையில் எண்ணியிருந்தாலும் கண் இமைக்கும் நேரம்தான் ஆகியிருக்கும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் நான் 27 பேரின் குரலைத் தொலைத்தேன்.

வேகம் வேண்டும், அதற்கு முன் விடை சரியாக வேண்டும். சிந்திப்போம்!

– பிளஸ் டூ மாணவன், 'ஆ' பிரிவு