வீட்டிலேயே ஒரு சைபர் லேப்: எகிறும் ரேம் விலை, மாறும் லைசென்ஸ் விதிகள்... கற்க நினைப்பவர்கள் என்ன செய்யலாம்?

சைபர் பாதுகாப்பு வேலைக்கு விண்ணப்பிப்பவர் சான்றிதழ்களை நீட்டியதும், எதிரில் இருப்பவரிடமிருந்து பெரும்பாலும் வரும் அடுத்த கேள்வி: "சரி, நீங்களா எதையாவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பலரும் வீட்டிலேயே 'ஹோம் லேப்' அமைக்கிறார்கள். ஒரே கணினிக்குள் பல கணினிகளை உருவாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தாக்கிப் பார்ப்பதும், தடுத்துப் பார்ப்பதும்தான் இதன் அடிப்படை. ஆனால் கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் இந்த லேபுக்குத் தேவையான மென்பொருளின் விதிகளும் மாறியிருக்கின்றன, வன்பொருளின் விலையும் மாறியிருக்கிறது.

"அடுத்தவங்க வைஃபையில பழகினா என்ன?"

இங்கேதான் சிக்கல். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைவது, 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவின்படி இழப்பீடு தர வேண்டிய செயல். அதையே மோசடி நோக்கத்துடனோ நேர்மையற்ற நோக்கத்துடனோ செய்தால், 66-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"சும்மா கத்துக்கத்தான் செஞ்சேன்" என்பது அனுமதிக்கு ஈடாகாது. கல்லூரி சர்வரையோ பக்கத்து வீட்டு வைஃபையையோ சோதித்துப் பார்க்கும் மாணவர், வேலைக்குப் போகும் முன்பே வழக்கைச் சந்திக்க நேரலாம். சொந்தக் கணினிக்குள் சொந்தமாக உருவாக்கிய இலக்கைத் தாக்கினால் அந்தச் சிக்கல் இல்லை.

மென்பொருள் பக்கம் என்ன மாறியது?

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் விர்ச்சுவலைசேஷன் துறையில் நீண்ட காலம் கோலோச்சியது விஎம்வேர். இதைச் சுமார் 6,100 கோடி டாலருக்கு வாங்குவதாக 2022-ல் அறிவித்த பிராட்காம், 2023 நவம்பரில் கையகப்படுத்தலை முடித்தது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் நிரந்தரமாகப் பயன்படுத்தும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐ-யும் நிறுத்தப்பட்டது. வீட்டில் அதை வைத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய அடி.

பிறகு காட்சி மாறியது. 2024 மே மாதம் 'வொர்க்ஸ்டேஷன் புரோ' தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசமானது. நவம்பரில் வணிகப் பயன்பாட்டுக்கும் அந்தச் சலுகை விரிந்தது. 2025 ஏப்ரலில் இலவச இஎஸ்எக்ஸ்ஐ-யும் திரும்பி வந்தது.

ஆனால் இடைப்பட்ட காலத்தில் பலர் மாற்று வழிக்குப் போய்விட்டார்கள். வியன்னாவைச் சேர்ந்த நிறுவனத்தின் 'பிராக்ஸ்மாக்ஸ்' திறந்த மூல மென்பொருள். சந்தா கட்டாமலும் இயங்கும். இஎஸ்எக்ஸ்ஐ-யில் இருக்கும் மெஷின்களை இடம் மாற்றும் வசதியையும் 2024-ல் அது சேர்த்தது. சாதாரண லேப்டாப்பில் தொடங்குபவர்களுக்கு ஆரக்கிளின் 'விர்ச்சுவல்பாக்ஸ்' போதும்.

ஒரு நிறுவனத்தின் இலவசம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதுதான் இதில் கற்க வேண்டிய பாடம். பிராண்டின் மெனுவை மனப்பாடம் செய்தவர் தடுமாறுவார். நெட்வொர்க், ஸ்டோரேஜ், ஸ்னாப்ஷாட் எப்படி இயங்குகின்றன என்று புரிந்துகொண்டவர் எதிலும் சமாளிப்பார்.

எவ்வளவு ரேம் வேணும்?

லேபின் செலவைத் தீர்மானிப்பது பிராசஸரைவிட ரேம்தான். தாக்கும் கணினியாகக் 'காளி லினக்ஸ்' 2 முதல் 4 ஜிபி, வேண்டுமென்றே ஓட்டைகளுடன் உருவாக்கப்பட்ட 'மெட்டாஸ்ப்ளாய்டபிள்' அரை ஜிபி, விண்டோஸ் சர்வர் 4 ஜிபி, இவற்றைத் தாங்கும் கணினிக்கு 4 ஜிபி எனக் கணக்கிட்டால், 16 ஜிபியில் தாராளமாகப் பழகலாம். 8 ஜிபி மட்டும் இருந்தால் காளியும் மெட்டாஸ்ப்ளாய்டபிளும் மட்டும் ஓடும். தொடக்கத்துக்கு அதுவே போதும்.

கூடுதல் ரேம் வாங்கலாம் என்றால், ஏஐ டேட்டா சென்டர்களின் தேவை மெமரி சிப் சந்தையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நுகர்வோருக்கான 'குரூஷியல்' ரேம் வணிகத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது இதன் அடையாளம்.

மறுபக்கம் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய அலுவலகக் கணினிகள் ஓரங்கட்டப்படுகின்றன. ரேம் ஏற்கெனவே பொருத்தப்பட்ட அப்படியொரு கணினி, பிராக்ஸ்மாக்ஸ் போட்டால் நல்ல லேபாக மாறும். வாங்கும் முன், பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் எது?

நெட்வொர்க் அமைப்பு. 'பிரிட்ஜ்டு' முறையில் வைத்தால், ஓட்டையுள்ள அந்த மெஷின் வீட்டு ரவுட்டரிலேயே நேரடியாக இணையும். அம்மாவின் போன், அப்பாவின் ஆபீஸ் லேப்டாப், டிவி எல்லாம் இருக்கும் அதே நெட்வொர்க்கில் அதுவும் உட்கார்ந்திருக்கும். மெட்டாஸ்ப்ளாய்டபிளில் உள்ள பழைய எஃப்டிபி மென்பொருளில், பயனர் பெயரின் முடிவில் ஒரு சிரிப்புக் குறி சேர்த்தாலே பின்கதவு திறந்துவிடும். அவ்வளவு பலவீனமான மெஷினை 'ஹோஸ்ட் ஒன்லி' அல்லது 'இன்டர்னல்' முறையில் தனித்து வைப்பதே பாதுகாப்பு.

வீட்டுக் கணினியில் இருக்கும் ஓட்டை வீட்டோடு நிற்பதில்லை. 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தைத் தாக்கியவர்கள், அதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாகத்தான் அவரது கடவுச்சொல்லைப் பிடித்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் இரண்டே மெஷின்கள். தாக்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட். எது உடைந்தாலும் சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். அடுத்து 180 நாள் சோதனைப் பதிப்பாகக் கிடைக்கும் விண்டோஸ் சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி. அதன்பின், 8 ஜிபி ரேம் ஒதுக்க முடிந்தால், 'வாசு' போன்ற திறந்த மூலக் கண்காணிப்பு மென்பொருள்.

இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். உள்ளே நுழைவது மட்டும் தெரிந்தால் போதாது. நுழைந்தபோது லாகில் என்ன பதிவானது, எந்த அமைப்பை மாற்றியிருந்தால் தடுத்திருக்கலாம் என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். ஒவ்வொரு சோதனையையும் இப்படி ஒரு பக்கத்துக்கு எழுதி வைப்பவரிடம், "நீங்களா எதையாவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே இருக்கும்.